தேதி பார்த்துச் சாகும் கார்கள்

சிங்கப்பூரில் ஒரு கார் சாலைக்கு வரும் நாளிலேயே, அது சாலையை விட்டுப் போகவேண்டிய நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. 1990 மே மாதம் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ், எல்லார் வாயிலும் சிஓஇ, பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். மாதம் இருமுறை நடக்கும் ஏலத்தில் அதை எடுத்தால்தான் புதுக் கார் வாங்க முடியும். பத்தாண்டு முடியும்போது உரிமையாளருக்கு இரண்டு வழிகள். வண்டியைப் பதிவிலிருந்து நீக்கலாம். முதலில் பதிவு செய்தபோது கட்டிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்; வண்டி உடைப்புக்கோ ஏற்றுமதிக்கோ போகும். இல்லையென்றால், கடைசி மூன்று மாத ஏலங்களின் சராசரித் தொகையைக் கட்டி, ஐந்தாண்டோ பத்தாண்டோ நீட்டித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் திரும்பக் கிடைக்கவேண்டிய பணம் கைவிட்டுப் போகும். கணக்குத் தெரிந்தவர்கள் முதல் வழியில்தான் போவார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லாத, இருக்கைத்துணி கிழியாத கார்கள் பத்து வயதில் ஒழுங்காக வரிசையில் போய்ச் சேர்வது இந்த ஊரில் யாருக்கும் துக்கமான செய்தி இல்லை.

இந்த முறையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. தீவின் நிலத்தில் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்டது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கைக்கு அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி விகிதம் சுழியம். நான் வேலைக்குப் பேருந்திலும் ரயிலிலும்தான் போகிறேன். என் பேருந்து நேரத்துக்கு வந்துசேர்வதில் அந்த ஏலத்துக்கும் பங்குண்டு என்று தெரியும். ஆனாலும் ஒரு பொருளின் ஆயுளைத் தேதியை மட்டும் வைத்து அளக்கும்போது ஏதோ ஒன்று கணக்கில் விழாமல் போகிறது. அது என்ன என்று எனக்கு விளங்கியது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போனபோது.

என்னிடம் இருப்பது 1999-ல் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, கையால் மடக்கும் துணிக்கூரை, 1597 சிசி எஞ்சின், ஐந்து கியர், பின்சக்கர ஓட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பலமாடி நிறுத்துமிடத்தின் இரண்டாம் தளத்தில் நிற்கும். சனிக்கிழமை விடிவதற்கு முன் எடுப்பேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலரும் நினைப்பது வேகத்தை. இன்றைய மின்சாரக் கார்கள் பலவும் சிக்னலில் பச்சை விழுந்த மறுகணம் இதைப் பின்னால் விட்டுப் போய்விடும். இது வேறு ஒன்றுக்காகச் செய்யப்பட்ட வண்டி. 1960-களில் பிரிட்டனில் எம்ஜி, டிரையம்ஃப், லோட்டஸ் போன்றவை சிறிய, எடை குறைந்த, கூரை திறக்கும் கார்களைச் செய்தன. எண்ணெய் ஒழுகும், மழையில் மின்கம்பிகள் மக்கர் பண்ணும். ஆனால் ஓட்டுபவருக்கும் சாலைக்கும் நடுவே அவை எதையும் வைக்கவில்லை. 1980 வாக்கில் அந்த வகையே ஏறக்குறைய அழிந்துபோயிற்று. அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் பாப் ஹாலுக்கு ஜப்பானிய மொழி தெரியும். 1979-ல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, அப்படியொரு எளிய காரை நீங்கள் செய்யவேண்டும் என்று அவர் சொன்னார். யமமோட்டோ ரோட்டரி எஞ்சின் குழுவை வழிநடத்திய பொறியாளர். பின்னால் நிறுவனத்தின் தலைவரானவர். அவர் பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை ஹக்கோனே மலைச்சாலையில் ஓட்டிப்பார்த்த பிறகுதான் அந்த யோசனையின் பொருளை உணர்ந்தார் என்று சொல்வார்கள். பத்தாண்டு கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு இறங்கியது. இரண்டு இருக்கைக் கார் ஒன்றுக்கு இது பெரிய எண்ணிக்கை.

பொறியாளர்கள் எதற்காக மெனக்கெட்டார்கள் என்று பார்த்தால் இந்தக் காரின் குணம் புரியும். எஞ்சினை முன்னச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். எடை முன்னும் பின்னும் ஏறத்தாழ பாதிப் பாதியாக விழுந்தது. கியர்பெட்டியையும் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். கால் ஆக்சிலேட்டரில் அசைந்ததும் தாமதமில்லாமல் பின்சக்கரம் அதை உணரவேண்டும் என்பதற்காக. மொத்த எடை ஒரு டன்னை ஒட்டித்தான். இத்தனை வேலையும் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் ஒரு வளைவைத் திருப்பும்போதே ஓட்டுபவர் கைக்குத் தெரிகிறது. சாலையின் சொரசொரப்பு, ஈரம், டயர் எவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி எல்லாம் ஸ்டியரிங் வழியாக வந்துகொண்டே இருக்கும். விரைவுச்சாலையில் உச்ச வேகம் 90 என்று விதித்திருக்கும் ஊரில், இருநூறைத் தாண்டக்கூடிய காரை வாங்கி அதன் திறமையில் பாதியைக்கூடத் தொடாமல் வைத்திருப்பதில் எனக்கு நாட்டமில்லை. தன் முழு இயல்பையும் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே காட்டிவிடும் கார்தான் வார இறுதிக்காரனுக்கு ஏற்றது. இது என் உறுதியான கட்சி.

வாங்கும் கதைக்கு வருகிறேன். காக்கி புக்கிட், ஊபி பக்கம் பழைய கார் விற்பவர்கள் அடுக்கடுக்காக இருக்கிறார்கள். அங்கே காரின் விலையை யாரும் காரின் விலையாகச் சொல்வதில்லை. ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என்றுதான் பேச்சு தொடங்கும். கேட்கும் விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்தால் வருவது அது. சான்றிதழ் எந்த மாதம் முடிகிறது, எவ்வளவுக்கு நீட்டித்தது என்ற இரண்டு விவரம் இருந்தால் பாதிக்கு மேல் விலை தானாக வந்துவிடும். வண்டி எப்படி இருக்கிறது என்பது மிச்சத்தைத் தீர்மானிக்கும் சிறு விஷயம். ஒரே மாதத்தில் முடியும் இரண்டு எம்எக்ஸ்-5 கார்களைப் பார்த்தேன். ஒன்றில் தரைவிரிப்பைத் தொட்டால் கை நனைந்தது. இன்னொன்று பிள்ளையைப்போல வளர்க்கப்பட்டது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. தேதி பார்த்து விலை வைக்கும் சந்தையில் பராமரிப்புக்கு விலை கிடையாது. நான் மேலே சொன்ன, கணக்கில் விழாத அந்த ஒன்று இதுதான். ஒருவர் இருபது ஆண்டுகள் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டதை எழுதிவைக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

நன்றாக வளர்க்கப்பட்ட அந்த வண்டியின் உரிமையாளர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தமிழர். விலையைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை.

“எங்க நிறுத்துவீங்க தம்பி? மேல்தளத்துலயா, உள்ளயா?”

உள்ளேதான் என்றேன். வெயில் பட்டால் துணிக்கூரை மடிப்பில் வெடித்துவிடும் என்பது அவர் கவலை. ஏன் விற்கிறீர்கள் அங்கிள் என்று கேட்டேன்.

“முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. உள்ள உக்காந்துடுறேன், எந்திரிக்கத்தான் முடியல.”

உயரம் குறைந்த கார்களை விட்டுப் பிரிகிறவர்களில் பலருக்கும் இதுதான் காரணம். அவர் ஒரு கோப்பை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் பில். பில்லின் ஓரத்தில் மைல்மீட்டர் எண், தேதி, அன்று அவர் கவனித்த சங்கதி. பின்பக்கம் இடதில் சத்தம் என்று ஒரு பில்லில். இரண்டு பில் தள்ளி, புஷ் மாற்றியாச்சு, சத்தம் இல்லை. கப்பலுக்குள் இறங்கி வேலைசெய்த மனிதரின் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வாங்க முடிவு செய்தது அந்தக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான். வண்டியை அதற்கப்புறம்தான் ஓட்டிப்பார்த்தேன்.

வாங்க நினைப்பவர்களுக்காகச் சில விஷயங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் இந்தக் கார்களைத் தின்பது துரு. நம் ஊரில் உப்பு இல்லை, ஆனால் மழை உண்டு. துணிக்கூரையில் விழும் நீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாகக் கீழே இறங்கவேண்டும். இலைத்தூசு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் சொட்டினால் நல்லது, சொட்டாவிட்டால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வார இறுதிக் கார்களில் டயரின் பட்டை தேயாமலே ரப்பர் இறுகிப்போய்விடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், ஈரச்சாலையில் காலை வாரிவிடும். டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது விதி. குறைவாக ஓடிய வண்டியில் கிலோமீட்டரை நம்பக்கூடாது, ஆண்டுகளை எண்ணவேண்டும். அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் இடிக்காத வகை எஞ்சின் இது என்பது ஆறுதல். ஆனால் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தின் நடுவில் நின்றுபோனால் அந்த ஆறுதல் உதவாது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளட்ச் மிதியை அழுத்தி அரை நிமிடம் பிடித்துக்கொண்டு கியர் போட்டுப் பாருங்கள். இந்த மாடலில் கிளட்சின் கீழ்ச் சிலிண்டர் கசிவது வழக்கம். இவை எதுவும் வண்டியைத் தள்ளிவிடக் காரணமில்லை. விற்பவர் இவற்றை அறிந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அறிந்தவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் ஒன்று சொன்னார். “வாரத்துக்கு ஒருதடவையாச்சும் எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டுங்க. சும்மா ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணாதீங்க, அது இன்னும் கெடுதல்.” உண்மை. குளிர்ந்த எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலக்கும். பேட்டரி செலவழித்த மின்சாரம்கூடத் திரும்ப ஏறாது. சனிக்கிழமை ஓட்டம் எனக்கு இன்பமாக இருப்பதோடு வண்டிக்குத் தேவையாகவும் இருக்கிறது. ஆசையும் கடமையும் ஒன்றாக வந்து சேரும் காரியங்கள் வாழ்க்கையில் அதிகமில்லை. இந்தக் காரை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கே ஓட்டுவது? தீவு கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் விடியலில் லிம் சூ காங், நியோ தியூ பக்கம் பண்ணைகளுக்கு நடுவே கூரையைத் திறந்து போனால் சேற்று வாசனையும் நனைந்த புல் வாசனையும் காருக்குள்ளேயே வந்துவிடும். ஓல்ட் அப்பர் தாம்சன் சாலையைத் தனியாகச் சொல்லவேண்டும். 1961 முதல் 1973 வரை இங்கே கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. பொதுச்சாலையை மூடி, 4.8 கிலோமீட்டர் சுற்று. ஒரு வளைவுக்கு டெவில்ஸ் பெண்ட் என்றே பேர். உயிர்ச் சேதங்களுக்குப் பிறகு அரசு பந்தயத்தை நிறுத்தியது. இன்று அது காட்டுக்கு நடுவே ஒடுங்கிய ஒருவழிச் சாலை. 2019-ல் ஒருபக்கம் தாம்சன் இயற்கைப் பூங்கா திறந்தார்கள். மரத்துக்கு மரம் குரங்குகள் கடக்கக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே நான் மெதுவாகத்தான் போவேன். குட்டியைச் சுமந்து சாலையைக் கடக்கும் குரங்குக்கு முன்னுரிமை.

நீண்ட விடுமுறை வந்தால் வடக்கே, மலேசியாவுக்கு. டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தால்தான் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்டலாம். கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலை அடிவாரத்தில் இருக்கும் ‘தி கேப்’ வரை ஏறும் சாலை இந்தக் காருக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டாம் கியர். மூங்கில் நிழல், ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது, 1951 அக்டோபரில், பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கியிருந்தவர்களால் தாக்கப்பட்டு இறந்தது இந்தச் சாலையில்தான். வரலாற்றுப் புத்தகங்களில் அது இருக்கிறது. மலேசியாவின் சாலைகளையும் தண்டவாளங்களையும் போட்ட கைகளில் பெரும்பகுதி கூலி லயங்களில் வாழ்ந்த தமிழர்களுடையவை என்பது அந்தப் புத்தகங்களில் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. கல் உடைத்து, தார் காய்ச்சி ஊற்றியவர்கள் அந்தச் சாலைகளில் நடந்துதான் போனார்கள். அவர்கள் வழிவந்த ஒருவன் இன்பத்துக்காக மட்டும் ஒரு காரை எடுத்துக்கொண்டு அதே மாதிரிச் சாலைகளில் ஏறுகிறான். ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்வேன். குற்றவுணர்ச்சி இல்லை, பெருமையும் இல்லை. அந்தச் சாலையைக் கவனமாக ஓட்டவேண்டும் என்ற எண்ணம் மட்டும் கூடுகிறது.

இனி 2029 பற்றி. என் வண்டிக்கு முந்தைய உரிமையாளர் 2019-ல் இரண்டாவது முறையாகப் பத்தாண்டு நீட்டித்தார். 2018 இறுதியில் சிறிய எஞ்சின் கார்களுக்கான ஏ பிரிவு சான்றிதழ் 25,000 வெள்ளி அளவில் இருந்தது; அவர் நீட்டித்தது அந்த மலிவுக் காலத்தை ஒட்டி. 2023 அக்டோபரில் அதே பிரிவு 1,06,000 வெள்ளிக்குப் போயிற்று. 2029-ல் என்ன விலை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இலட்சம் வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 10,000. ஆண்டில் 20,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்குச் சான்றிதழ்ச் செலவு கிலோமீட்டருக்கு அரை வெள்ளி. வார இறுதியில் மட்டும் எடுத்து 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்று வெள்ளிக்கு மேல். சாலையை மிகக் குறைவாகப் பயன்படுத்துபவர் அதற்கு மிக அதிகமாகக் கொடுக்கிறார். இதற்கு மேல் பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடி 50 வரை போகும் மிகைவரி வேறு. ஐந்தாண்டு மட்டும் நீட்டித்தால் அதற்குப் பிறகு மறுபடி நீட்டிக்க வழியில்லை. வண்டி உடைப்புக்கோ ஏற்றுமதிக்கோ போயே ஆகவேண்டும். 35 வயதானால் பாரம்பரியக் கார் திட்டத்தில் சேர்த்து, ஆண்டில் 45 நாள் ஓட்டிக்கொள்ளலாம். 2029-ல் என் காருக்கு வயது முப்பது.

வார இறுதிக்காரர்களைப் பற்றி அரசு யோசிக்காமல் இல்லை. 1991-ல் வார இறுதிக் கார் திட்டம் வந்தது. சிவப்பு எண்பலகை, கட்டணச் சலுகை. 1994-ல் அது நெரிசலற்ற நேரக் கார் திட்டமாக மாறி, பிற்பாடு திருத்தப்பட்டு இன்றும் இருக்கிறது. வார நாட்களில் காலை 7 முதல் இரவு 7 வரை எடுக்காதே என்பது அதன் சாரம். நல்ல திட்டம், ஆனால் அது நேரத்தைத்தான் அளக்கிறது. எவ்வளவு தூரம் ஓடியது என்று தொடர்ந்து கண்காணிக்க அன்று எளிய வழியிருக்கவில்லை. இப்போது செயற்கைக்கோள் வழி சாலைக்கட்டணத்துக்காக எல்லா வண்டிகளிலும் புதுக் கருவி பொருத்தப்பட்டுவருகிறது. தூரத்தை அளக்க அதனால் முடியும். நெரிசலுக்குக் காரணம் கார் இருப்பதல்ல, ஓடுவது. ஓடும் அளவுக்குக் கட்டணம் வாங்குவதுதான் நேர்மை.

வண்டியின் நிலையை அளப்பதற்கும் புதிதாக எதுவும் வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய ஒவ்வொரு காரும் ஏற்கெனவே ஆண்டுதோறும் பரிசோதனை நிலையத்துக்குப் போகிறது. பிரேக், விளக்கு, புகை, அடித்தகடு எல்லாம் பார்த்துத்தான் சான்று தருகிறார்கள். அந்தப் பரிசோதனையில் தேறும் வண்டியை, ஐந்தாண்டு நீட்டிப்பு முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக உடைப்புக்கு அனுப்பும் விதியை நிலப் போக்குவரத்து ஆணையம் எடுத்துவிட வேண்டும். குறைவாக ஓடும் பழைய வண்டிகளுக்குத் தூரத்தை வைத்துக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கைக்கு ஏற்கெனவே வரம்பு இருப்பதால், அதனால் சாலையில் ஒரு கார்கூட அதிகமாகப் போவதில்லை.